செவுத்துலருந்து வாங்க

ஆயுத பூஜை அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் எந்த மிஷினையும் தொடக்கூடாது. அப்பா போட்ட சட்டம் அது. முன் அறையில் பதினோரு டைப்ரைட்டர்கள், மூலையில் மை வாடையோடு ஒரு சைக்ளோஸ்டைல், அம்மாவின் தையல் மிஷின், கிரைண்டர், என் சைக்கிள் என்று எல்லாவற்றையும் துடைத்து, விபூதி பூசி, நடுவில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்துவிடுவார். மறுநாள் விஜயதசமிக் காலையில் சூடம் காட்டிய பிறகு ஒவ்வொரு மிஷினிலும் ஒரு வரியாவது அடித்தாக வேண்டும். ரிப்பன் காய்ந்து கிடக்கிற மிஷினுக்கும் அந்த ஒரு வரி உண்டு.

2001-ல் கம்ப்யூட்டர் வந்த பிறகு அதுவும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

வீடு பைக்காராவில். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழங்காநத்தத்துக்கும் பசுமலைக்கும் நடுவே திருப்பரங்குன்றம் சாலையில் இருக்கிற பகுதி அது. நிஜமான பைக்காரா நீலகிரியில் ஓடும் ஆறு. அந்த ஆற்றுத் தண்ணீரில் 1932-ல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். அது மலையிறங்கி, சமவெளியெல்லாம் கடந்து, மதுரையில் வந்து சேர்ந்த சப்ஸ்டேஷன் எங்கள் பக்கத்தில் இருந்ததால் ஊருக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. தண்ணீர் இல்லாத ஊருக்கு ஆற்றின் பெயர். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் தாத்தா, "பேரு மட்டும் பைக்காரா" என்பார்.

அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். தமிழ் லோயர், தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர், இங்கிலீஷ் ஹையர். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச். அந்தச் சத்தத்தில்தான் நானும் தம்பியும் எழுந்து பழகினோம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் இல்லாததால் தூக்கம் கலைந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் மாணவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். நான் படிப்பை முடித்துவிட்டு, உள் அறையைக் காலி செய்து, கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டிடிபி சென்டர் ஆரம்பிக்கிறேன் என்றதும் அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவருக்கு வருத்தம் இருந்தது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஆறுதல் கிடைத்தது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் விசைகள் பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே இருக்கும். தமிழ் ஹையர் பாஸ் செய்தவர் நேராக வந்து உட்கார்ந்து, திரையைப் பார்க்காமலே கல்யாணப் பத்திரிகை அடித்துவிடலாம். மதுரையில் டிடிபி சென்டர்களில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் இப்படி ஏதோ ஒரு இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்தவர்கள்தான். "என் பிள்ளைங்க இல்லாட்டி உங்க கம்ப்யூட்டருக்குத் தமிழே வராது" என்று அப்பா சொல்லிக்கொள்வார். அதில் பொய் இல்லை.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தது. செலரான், 64 எம்பி ரேம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98, பதினைந்து அங்குல மானிட்டர். மானிட்டரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். தயிர் நிறத்தில் நெட்டையாக நின்ற அந்தப் பெட்டியை ஊரே சிபியு என்றுதான் சொன்னது. அப்படிச் சொல்லக் கூடாது, சிபியு என்பது உள்ளே இருக்கும் ஒரு சில்லு என்று நான் ஒரு வருஷம் எல்லோரையும் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பெட்டியின் முகத்தில் மேலே சிடி டிரைவ், அதற்குக் கீழே ஃப்ளாப்பி, அதற்கும் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டப் பொத்தான்.

2004 விஜயதசமிக் காலை. அப்பா சூடம் காட்டினார். முன் அறையில் பதினோரு மிஷினிலும் வரிசையாக ஒரு வரி ஓடியது. நான் உள்ளே போய் சுவர் சுவிட்சைப் போட்டு, வட்டப் பொத்தானை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. மானிட்டரின் ஆரஞ்சு விளக்கு பச்சைக்கு மாறியது. நிம்மதியாக நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

மறுபடி அழுத்தினேன். ஒன்றும் இல்லை. சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டு அழுத்தினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை செய்தபோது ஃபேன் சுற்றி, நாலு எண்ணுவதற்குள் நின்றது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

நாள் கிழமை பார்த்து மிஷின் நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மா வாசலில் போய் நின்றுகொண்டாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, ஸ்லோவா வருது" என்றேன். வராத ஒன்றை மெதுவாக வருகிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

எனக்கு வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் சகுனம் இல்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு காதணி விழா இருந்தது. செக்கானூரணிப் பக்கத்து வீடு. பத்திரிகை என்ற பெயரில் நாலு பக்கத்துக்கு உறவுமுறைப் பட்டியல். தாய்மாமன்கள் தனியாக, பங்காளிகள் தனியாக, சம்பந்தக்காரர்கள் தனியாக, கட்சிக்காரர்கள் தனியாக. நூற்று நாற்பது பெயருக்கு மேல். மூன்று தடவை புரூஃப் பார்த்து, இரண்டு பெயர்களுக்கு இடம் மாற்றி, ஒரு பெயரை எடுத்து, எடுத்த பெயரை மறுநாள் மறுபடி சேர்த்து முடித்திருந்தோம். தாய்மாமன் வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போனால் விழா நின்றாலும் நிற்கும். மறுநாள் மதியம் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். ஃப்ளாப்பியில் ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல் வந்துவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். விஜயதசமி என்றாலும் பதினோரு மணிக்கு ஒரு பையனை அனுப்பினார்கள். டிவிஎஸ் 50-யில் வந்தான். பையில் ஒரு புது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டப்பா. என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பழையதைக் கழற்றினான், புதியதை மாட்டினான், பொத்தானை அழுத்தினான். வரவில்லை. ரேமைப் பிடுங்கி ரப்பரால் தேய்த்துச் சொருகினான். வரவில்லை. "போர்டு டெட்ண்ணே" என்றான். புது மதர்போர்டு மூவாயிரம், அதற்குப் பொருந்துகிற ரேம் தனி, எதற்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கூட்டிக் காட்டினான். நாலாயிரத்து எழுநூறோ என்னவோ. காதணி விழாவுக்கு எனக்குக் கிடைக்க இருந்தது அறுநூறு ரூபாய்.

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வேலை மாற்றுவது. மாற்றிப் பார்த்தால் வருகிறதா, அதுதான் கெட்டது. வரவில்லையா, அடுத்ததை மாற்று. இப்படியே மாற்றிக்கொண்டு போனால் ஒருநாள் பெட்டி முழுக்கப் புதிதாகி ஓடத்தான் செய்யும். எந்தப் பொருளில் பழுது இருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம், பெட்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இன்ஸ்டிடியூட்டில் படித்த ஒரு அக்கா டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிற மெக்கானிக்கைச் சொன்னார். கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்லை; ரேடியோ, டிவி மெக்கானிக். மர்பி ரேடியோவில் தொடங்கி, சாலிடேர், டயனோரா டிவிகளோடு வளர்ந்து, அவை போன பிறகு எஸ்எம்பிஎஸ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் சைக்கிளில் போய்ச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, செத்துப்போச்சா, செத்துச் செத்துப் பொழைக்குதா?"

"முதல்ல நாலு செகண்டு வந்துச்சுண்ணே. அப்புறம் நின்னுருச்சு."

"நாலா? மூணா, அஞ்சா?"

"எண்ணலண்ணே. நாலு மாதிரிதான்."

"அதை எண்ணியிருக்கணும்ல" என்றபடி ஸ்குரூடிரைவரையும் மல்டிமீட்டரையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டியைத் தூக்கி வரச் சொல்லவில்லை. வீட்டுக்கே வருகிறேன் என்றார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

வந்தவர் பெட்டியைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டு வயரிங் மரச்சட்டத்தின் மேல் ஓடுகிற பழைய ரகம். பிளக்கைப் பிடுங்கி மீட்டரின் இரண்டு குச்சிகளையும் சாக்கெட்டில் விட்டார். இருநூற்றுப் பத்து காட்டியது. "கொஞ்சம் கம்மி. பரவாயில்ல." பிறகு பவர் கார்டைக் கழற்றி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பெட்டியின் முதுகில் இருக்கும் சின்ன சிவப்பு சுவிட்சைக் குனிந்து படித்தார். 230 என்று இருந்தது. "குழந்தைங்க இதை 115-க்குத் தள்ளிருச்சுங்கன்னா அவ்வளவுதான், வெடிதான்" என்றார். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, ஒரு தலையசைப்பு. கோவிலில் ஒவ்வொரு சந்நிதியாக நின்று கும்பிட்டு வருகிறவர் போல.

"எப்பவும் செவுத்துலருந்து வாங்க தம்பி. எல்லாரும் உள்ளருந்து வாராய்ங்க. கரண்டு எப்படி வருதோ அதே வழியில நாமளும் நடக்கணும். எங்க நிக்குதோ, அங்க நாமளும் நிக்கணும்."

பிறகுதான் மூடியைக் கழற்றினார். போர்டில் மாட்டியிருந்த இருபது கம்பி இணைப்பைப் பிடுங்கி, மேஜைமேல் கிடந்த ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, பச்சைக் கம்பி துளையிலும் பக்கத்துக் கறுப்புக் கம்பி துளையிலும் ஒன்றாகச் சொருகினார். எஸ்எம்பிஎஸ் ஃபேன் விர்ரென்று சுற்றியது. நான் திடுக்கிட்டுப் பின்னால் போனேன். கம்ப்யூட்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அது தனியாக ஓடுகிறது! மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்று மீட்டரில் படித்துக் காட்டினார். ஊதாக் கம்பியை எல்லாவற்றுக்கும் முன்பே, கிளிப் சொருகுவதற்கு முன்பே பார்த்திருந்தார். அதில் 5 இருந்தது.

அந்த ஊதாக் கம்பியைப் பற்றி அன்று அவர் சொன்னதை நான் இன்றும் மறக்கவில்லை. நாம் அணைத்துவிட்டோம் என்று நினைக்கிற கம்ப்யூட்டர் உண்மையில் அணைவதில்லை. சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறவரை ஊதாக் கம்பியில் ஐந்து வோல்ட் காவல் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்கத்து சுவிட்ச் டியூப்லைட் சுவிட்ச் மாதிரி. 230 வோல்ட்டையே நேராக வெட்டும், சேர்க்கும். 1995-க்குப் பிறகு ஏடிஎக்ஸ் என்ற புது அமைப்பு வந்தபோது அது காலிங்பெல் பொத்தானாக மாறிவிட்டது. அழுத்தினால் போர்டுக்கு ஒரு தகவல் போகிறது, அவ்வளவுதான். தகவல் வந்ததும் போர்டு பச்சைக் கம்பியைத் தரைக்கு இழுக்கும். உடனே எஸ்எம்பிஎஸ் விழித்துக்கொள்ளும். ஜெம் கிளிப் செய்ததும் அதே வேலை.

"அப்ப, எஸ்எம்பிஎஸ் நல்லாருக்கு. போர்டு செத்துப்போச்சுங்கிறாய்ங்க. போர்டையே கேட்டுருவோம்."

இணைப்பைத் திரும்ப மாட்டிவிட்டு, முன்பக்கத்துப் பொத்தானிலிருந்து வருகிற மெல்லிய இரட்டைக் கம்பியை போர்டிலிருந்து உருவினார். அது இருந்த இடத்தில் இரண்டு சிறு ஊசிகள் நின்றன. ஸ்குரூடிரைவர் நுனியால் இரண்டையும் ஒருமுறை தொட்டு எடுத்தார்.

ஃபேன் சுற்றியது. பச்சை விளக்கு. 'பீப்'. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து... நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். விண்டோஸ் 98-இன் மேகங்கள் வந்தன.

"ஃபைலை முதல்ல ஃப்ளாப்பில எடுங்க" என்றார். எடுத்தேன். கை நடுங்கியது.

பிறகு அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வட்டப் பொத்தானைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். 'டிக்' என்ற சத்தம் இல்லை. உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை. ஏற்கெனவே ஒரு நூலளவு உள்ளே போய்த்தான் இருந்திருக்கிறது. முகப்பு பிளாஸ்டிக்கை உருவி எடுத்து என்னிடம் காட்டினார். பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கு முழுவதும் மஞ்சளாகக் காய்ந்து, உடைந்து, பல் இடுக்கில் பாக்குத் தூள் மாதிரி அடைத்திருந்தது. சந்தனம்.

முந்தின நாள் சாயங்காலம் அப்பா இழைத்து, குழைவாக, தாராளமாக வைத்த சந்தனம். ராத்திரியில் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. காலையில் நான் அழுத்தியதும் பொத்தான் உள்ளே போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. விரலை எடுத்த பிறகும் யாரோ அழுத்திக்கொண்டே இருப்பதாகத்தான் போர்டுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் தொங்கிவிட்டால் பொத்தானை நாலு விநாடி விடாமல் அழுத்தினால் அணைந்துவிடும் அல்லவா, அதே ஏற்பாடுதான். போர்டு சாகவில்லை. சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறது.

மெக்கானிக் அண்ணன் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முன் அறையில் அப்பா மாலை பேட்ச் நடத்திக்கொண்டிருந்தார். தடதடவென்று ஆறு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "சாருகிட்ட சொல்ல வேணாம்" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பொத்தானைப் பத்துத் தடவை அழுத்தி 'டிக் டிக்' கேட்டு மாட்டினார். போகும்போது அப்பா, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டதற்கு, "சுவிட்ச் லூஸ் சார்" என்றார். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். காதணி விழா மறுநாள் பிரஸ்ஸுக்குப் போனது. நூற்று நாற்பது பெயரில் ஒரு பெயருக்கு 'ழ' போட்ட இடத்தில் 'ள' விழுந்துவிட்டது என்று பின்னால் சண்டை வந்தது. அது வேறு கதை.

அடுத்த ஏழெட்டு வருஷம் நான் அவர் கடைக்கு அடிக்கடி போய் உட்கார்ந்திருக்கிறேன். மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறையில் நான் கற்றுக்கொண்டது கல்லூரியில் மூன்று வருஷத்தில் கற்றதைவிட அதிகம் என்று சொன்னால் என் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. அந்த வருஷங்களில் அவர் கடைக்கு வராத போர்டே இல்லை. தலை வீங்கிய கெபாசிட்டர்கள்தான் பாதி. மேலே கீறல் போட்ட தட்டையான மூடி உப்பி, சிலதில் பழுப்பாக ஏதோ கசிந்திருக்கும். மதுரை வெயில்தான் காரணம் என்று நான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் உலகம் முழுவதும் அதே கதை. 2000-களின் முதல் பாதியில் வந்த கெபாசிட்டர்கள் ஏராளமானவற்றில் உள்ளே ஊற்றிய திரவமே சரியில்லை, பெரிய பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களே அதில் விழுந்தன. அவர் ஐந்து ரூபாய், எட்டு ரூபாய் கெபாசிட்டரை மாற்றி, 'டெட்' என்று ஒதுக்கிய போர்டுகளை எழுப்பி அனுப்புவார்.

பிறகு பல்லிகள். எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்பு பிடித்துப்போய் பின்பக்கத் துளை வழியாக உள்ளே போய், போகக் கூடாத இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் கால் வைத்துவிடும். உள்ளே பெரிய கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். அதனால்தான் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் என்னைத் திறக்க விடவே மாட்டார். பல்லி விழும் பலனில் தலைக்கு, தோளுக்கு, பாதத்துக்கெல்லாம் பலன் போட்டிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் விழுந்தால் பலன் நானூற்று ஐம்பது ரூபாய்.

ஆனால் எங்கள் வீட்டுக்கே உரிய நோய் வேறு. பெட்டியின் இரும்பில் வெறுங்கை பட்டால் எறும்பு கடித்த மாதிரி சுரீர் என்னும். அது கம்ப்யூட்டரின் குணம் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அண்ணன் ஒருநாள் டெஸ்டரை வைத்துக் காட்டினார். விளக்கு மங்கலாக எரிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழைகிற இடத்தில் இரண்டு சின்ன நீல கெபாசிட்டர்கள் இருக்கின்றன. இரைச்சலை வடிகட்டி எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த்தே இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பு, வருகிற 230-இல் பாதியை எடுத்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் கடிக்கும், ஆளை அடிக்காது. ஆனால் என்றைக்காவது நிஜமான கசிவு வந்தால் அதைத் தாங்கிக்கொள்ள நம் உடம்பைத் தவிர அங்கே வேறு வழி இல்லை.

எங்கள் சாக்கெட்டில் மூன்று துளை இருந்தது. மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் சுவர். கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, குழாய் இறக்கி, அடுக்கடுக்காகக் கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தோம். குழி தோண்டியவர், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பங்குனி சித்திரையில் இந்த மண் காய்ந்தால் எர்த்தும் போய்விடும் என்றார். பாத்திரம் கழுவிய தண்ணீரை அம்மா அன்றிலிருந்து அந்தக் குழாயில் ஊற்ற ஆரம்பித்தாள். வைகையில் மணல் மட்டும் தெரிகிற மாதங்களில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கும் தண்ணீர் ஊற்றப்பட்டது.

இதற்கெல்லாம் மேலே 2012 வந்தது. சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் கட் என்று செய்தியில் சொல்வார்கள். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். காற்றாலைக் காலம் முடிந்த பிறகு, அந்த வருஷக் கடைசியில், நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். யுபிஎஸ் பேட்டரி நிரம்புவதற்குள் காலியாகும். கரண்ட் திரும்பி வருகிற அந்த முதல் நொடிதான் எஸ்எம்பிஎஸ்களைக் கொன்றது. "வந்தவுடனே போடாதீங்க தம்பி, அது தண்ணி லாரி மாதிரி, முதல்ல வாரது கலங்கல்" என்பார் அண்ணன். கரண்ட் இல்லாத மதியங்களில், மிச்சமிருந்த நாலு டைப்ரைட்டர்களில் அப்பா வேண்டுமென்றே சத்தமாக அடிப்பார். யாருக்கும் கடிதம் இல்லை. நான் இருட்டில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. அந்தச் சத்தம் போதும்.

சந்தனத்துக்குத் திரும்ப வருகிறேன். 2005 ஆயுத பூஜைக்கு நான் உஷாராக இருந்தேன். அப்பா தூங்கிய பிறகு ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவது என்று திட்டம். பத்தரை மணிக்கு டார்ச்சை அடித்துப் பார்த்தால் வட்டப் பொத்தான் சுத்தமாக இருந்தது. பொட்டு உச்சியில், சிடி டிரைவுக்கும் மேலே, காலியாக இருந்த பிளாஸ்டிக்கில் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதற்கடுத்த வருஷமும் அங்கேதான் இருந்தது. அதற்கடுத்த வருஷமும்.

அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து, அந்தப் பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுமுன் உதவுகிற சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் கடைக்குக் கொண்டுபோனேன். உச்சியில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் அதே மாதிரி குலுங்கினார்.

"நீங்கதானண்ணே அன்னிக்கு அப்பாகிட்ட சொன்னது?"

"நான் எதுக்குச் சொல்றேன்? சார்தான் மறுநாளே கடைக்கு வந்தாரு. 'சுவிட்ச் லூஸ்னா நூறு ரூவா வாங்க மாட்டீரு, நானும் முப்பது வருசமா மிஷின் கழட்டுறவன்தான், உள்ளதைச் சொல்லும்'னாரு. சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தாரு. டைப்ரைட்டர்ல எந்நாளும் கீ மேல பொட்டு வச்சதில்லையாம். கட்டைக்கு ஆகாதுன்னு தெரியுமாம். மேல தகட்டுலதான் வைப்பாராம். அப்புறம், இதுக்கு நெத்தி எதுன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிடி டிரைவுக்கு மேல காலியா இருக்குது சார், அங்க வச்சுக்கங்கன்னேன்."